டோஸ் எங்கே விழுகிறது?

அன்புள்ள ஐயா,

மருத்துவ இயற்பியல் படித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கிறேன். தொண்டைப் புற்றுநோய்க்கு 70 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), 35 அமர்வுகள் என்று ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டம் போட்டேன். டிவிஹெச் என்னும் டோஸ்-கன அளவு வரைபடத்தில் எல்லா வரம்புகளும் சரியாக இருந்தன. 45 கிரே வரை அனுமதி உள்ள தண்டுவடத்தை 38 கிரேக்கே இறக்கியிருந்தேன். மூத்தவர் சிடி வெட்டுகளை (உடலின் குறுக்குவெட்டுப் படங்களை) நகர்த்திப் பார்த்துவிட்டு உடனே நிராகரித்தார். எண்கள் சரியாக இருக்கும்போது கண்ணால் பார்த்து மறுப்பது அவரவர் ரசனைதானே?

ம.

அன்புள்ள ம.,

ரசனை அல்ல. ஓர் உறுப்பின் எத்தனை சதவீதம் எவ்வளவு டோஸ் பெறுகிறது என்பதை மட்டுமே டிவிஹெச் சொல்லும். எந்த இடத்தில் என்பது அதில் இல்லை. மாவட்டத்தின் மொத்த மழையளவை வைத்துக்கொண்டு எந்த ஏரி உடைந்தது என்று சொல்ல முடியுமா?

உங்கள் இலக்கு, அதாவது முழு டோஸ் பெற வேண்டிய பகுதி, 200 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சதவீதத்துக்கு டோஸ் குறைந்தால், அது 2 கன சென்டிமீட்டர். வரைபடத்தில் கோட்டின் தோள்பட்டை லேசாகச் சரியும், அவ்வளவுதான். அந்தக் குறை தோலை ஒட்டி மெல்லிய கீற்றாகக் கிடந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 6 எம்வி (மெகாவோல்ட்) எக்ஸ்கதிர் உச்ச டோஸை எட்டவே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், அதனால் தோலருகே டோஸ் குறைவது இயல்பு. அதே குறை, தண்டுவடத்தைக் காக்கும் ஆர்வத்தில், கட்டிக்குள்ளேயே ஒரு பள்ளமாக விழுந்திருந்தால்? அங்கே கோடிக்கணக்கான புற்றுச்செல்கள் குறைந்த டோஸோடு தப்பிக்கும். நோய் அங்கிருந்தே திரும்பலாம். இரண்டுக்கும் டிவிஹெச் ஒரேமாதிரிதான் இருக்கும். தண்டுவடம் 38 என்று படித்தவுடனேயே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

அதிக டோஸும் இப்படித்தான். குறித்த 70 கிரேயில் 107 சதவீதம் என்றால் 74.9 கிரே. கட்டியின் நடுவில் அது விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கீழ்த்தாடை எலும்பில் விழுந்தால் எலும்பு அழுகும் அபாயம் கூடுகிறது.

ஐசிஆர்யூ (கதிர்வீச்சு அலகுகள், அளவீடுகளுக்கான சர்வதேச ஆணையம்) 2010இல் வெளியிட்ட 83ஆம் அறிக்கை, ஒற்றைப் புள்ளியின் உச்சத்தையும் தாழ்வையும் விட்டுவிட்டு டி2, டி98 மதிப்புகளை, அதாவது இலக்கின் 2 சதவீதமும் 98 சதவீதமும் குறைந்தது எவ்வளவு டோஸ் பெறுகின்றன என்பதை, குறிக்கச் சொல்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் டி98க்கு வெளியே நிற்கும் அந்த 2 சதவீதம் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

திரையின் வண்ணங்களையும் அப்படியே நம்பாதீர்கள். வண்ணப்பூச்சின் கீழ்வரம்பை 50 கிரேயில் வைத்தால், டோஸ் கட்டியை மட்டும் கவ்விப் பிடித்ததுபோல் படம் அழகாக இருக்கும். 5 கிரேக்கு இறக்கினால் கழுத்து முழுவதும் நீலம் பரவும். திட்டம் என்னவோ ஒன்றுதான். நான் முதலில் 95 சதவீதக் கோட்டை (குறித்த டோஸில் 95 சதவீதம் விழும் இடங்களை இணைக்கும் கோட்டை) மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, அது எங்கே இலக்குக்குள் நுழைகிறது என்று பார்ப்பேன். பிறகு 45 கிரே கோடு தண்டுவடத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது என்று அளப்பேன். அங்கே கோடுகள் நெருங்கி அடுக்கியிருந்தால் டோஸ் செங்குத்தாகச் சரிகிறது என்று பொருள். தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்குள் நோயாளி 3 மில்லிமீட்டர் விலகினாலே திரையில் கண்ட எண் உடலில் இருக்காது. கணினி கணக்கிட்டது ஒரே ஒரு நாளில் எடுத்த சிடி படத்தின் மீது. ஏழு வாரச் சிகிச்சையில் பலர் மெலிந்துபோவார்கள், முகமூடி தளரும்.

மூத்தவர் எந்த வெட்டில் நிறுத்தினார் என்று கேளுங்கள். பள்ளம் அங்கேதான் என்றால், அதைச் சுற்றி ஓர் உதவி வடிவத்தை வரைந்து, அதற்கென்று தனியாகக் குறைந்தபட்ச டோஸ் நிபந்தனை கொடுத்து மறுபடி ஆப்டிமைஸ் செய்யுங்கள். தண்டுவடம் 42க்கு ஏறினாலும் பயப்படாதீர்கள், அது இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது.