"அத்தை, 315 டாலர்தான்!"

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், சுங்கை சிப்புட்டில் ஒரு கம்பெனி செக்ரட்டரி ஆபீசில் 31 ஆண்டு கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்ற அக்கா.

கேள்வி: வணக்கம் அக்கா. வீட்டிலேயே முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டு விற்கிறேன். தீபாவளி நெருங்கினால் கை ஓயாது. மருமகன் ஜோகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். "அத்தை, அங்கே நம்ம பேரில் ஒரு கம்பெனி திறந்துவிடுவோம். 315 டாலர்தான், முதலாக ஒரு டாலர் போட்டால் போதும்" என்கிறார். நம்பலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மருமகன் பொய் சொல்லவில்லை தங்கச்சி. பெயருக்கு 15, பதிவுக்கு 300, ஆக 315 டாலர். ஒரு டாலர் முதலும் சரிதான். ஆனால் கல்யாணச் செலவு எவ்வளவு என்று கேட்டதற்கு மஞ்சள் கயிற்றின் விலையைச் சொல்லியிருக்கிறார்.

சிங்கப்பூர் கம்பெனிக்கு டைரக்டர்களில் ஒருவராவது அங்கேயே குடியிருப்பவராக இருக்கவேண்டும். ராத்திரி ஜோகூர் பாருவுக்கு வந்து படுக்கிற மருமகன் அந்தக் கணக்கில் வரமாட்டார். உங்களிடம் சிங்பாஸ், அதாவது அந்த நாட்டு டிஜிட்டல் அடையாளக் கணக்கு கிடையாது, எனவே பதிவையும் அங்குள்ள லைசென்ஸ் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் செய்யமுடியும். ஆறு மாதத்துக்குள் அங்கே குடியிருக்கும் ஒரு செக்ரட்டரியை வைக்கவேண்டும். முகவரியும் அந்த ஊர் முகவரியாக இருக்கவேண்டும், தபால்பெட்டி எண் கொடுத்தால் செல்லாது. டைரக்டருக்கு ஆள், செக்ரட்டரி, முகவரி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வருஷா வருஷம் கட்டவேண்டும், முறுக்கு விற்றாலும் விற்காவிட்டாலும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்களுக்குக் கம்பெனியே தேவையில்லை. உணவுப் பொருளை அங்கே இறக்குமதி செய்பவர் சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிந்திருக்கவேண்டும், ஒவ்வொரு தடவை சரக்கு வரும்போதும் பெர்மிட் எடுக்கவேண்டும். சிங்கப்பூர் தேக்காவில் ஏற்கெனவே பதிந்த கடைக்காரர் ஒருவரைப் பிடித்து அவருக்கு விற்றுவிடுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தலைவலி அவருடையது. இந்தப் பக்கம் எஸ்எஸ்எம் என்ற மலேசியக் கம்பெனிப் பதிவு ஆணையத்தில் வியாபாரப் பெயரோடு ஓர் எண்டர்பிரைஸ், அதாவது தனியாள் வியாபாரம் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே என்றால் 30. டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

கேள்வி: என் தாத்தா ஊர் நாமக்கல் பக்கம். பெரியப்பா மகன் அங்கே தேங்காய் நார் மில் வைக்கலாம் என்கிறார். பணம் நான் போடவேண்டும். "இப்போதைக்கு எல்லாம் என் பேரில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். சொந்த இரத்தம்தானே, சரி என்று சொல்லிவிடலாமா?
வாசகர், பீடோர்

பதில்: சொல்லாதீர்கள் ஐயா. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் இந்தியாவில் அதற்குப் பெயர் பினாமி. 1988-லேயே சட்டம் வந்துவிட்டது, 2016-ல் அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

உங்கள் பெயரிலேயே பங்கு வாங்குங்கள். நார் மில் மாதிரி உற்பத்தித் தொழிலில் வெளிநாட்டார் முழுப் பங்கும் வைத்திருக்கலாம், தனி அனுமதி கேட்டு நிற்கவேண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர், இரண்டு டைரக்டர் வேண்டும். டைரக்டர்களில் ஒருவர் நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருப்பவராக இருக்கவேண்டும். அண்ணன் தேவைப்படுவது அந்த நாற்காலிக்குத்தான்.

பணத்தை உங்கள் பேங்கிலிருந்து நேராகக் கம்பெனிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய பணம் பங்காகாது. வந்து சேர்ந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கவேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவம் போகவேண்டும். அண்ணனிடம் அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். தோப்பு வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மலேசியக் குடியுரிமை உள்ள நமக்கு அங்கே விவசாய நிலம் வாங்க அனுமதி கிடையாது.

கையெழுத்து விஷயத்தில் என் தம்பி பட்டதைக் கேளுங்கள். கோயிலுக்குப் போன இடத்தில் திருச்சி ஆடிட்டர் ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். போனது டூரிஸ்ட் விசாவில். அங்கே இருந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் பிசினஸ் விசா வேண்டும். இந்திய வம்சாவளி என்றால் வேண்டாம்தான், ஆனால் அதற்குத் தாள் காட்டவேண்டும். தாத்தா கப்பலில் வந்த கதை தம்பிக்கு மனப்பாடம், தாள் ஒன்றுகூட இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசியில் ஈப்போவில் ஒரு நோட்டரி முன்னால் அதே தாள்களில் மறுபடி கையெழுத்துப் போட்டான். மலேசியா காமன்வெல்த் நாடு, இங்குள்ள நோட்டரி முத்திரையே போதும் என்பது அந்த ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த முத்திரையைத் தம்பி விரலால் தடவித் தடவிப் பார்த்தான், அதற்காக ஒரு டிக்கெட் காசு போயிருந்ததே!

தோட்டத்தில் பிறந்த நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? கம்பெனி லண்டனில் பதிவு, ரப்பர் மரம் இங்கே. பங்குதாரர் ஒருவரும் பால் பிடிக்கும் மங்கைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் பெயரை ஒளிக்கவில்லை. பங்கைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, இங்கே தோட்டத்தை நடத்திக் கொடுக்கும் ஏஜென்சி ஹவுசுக்குக் காசு கொடுத்துக் கணக்கெழுத வைத்தார்கள். 1981 செப்டம்பர் 7 அன்று மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி என்ற தோட்டக் கம்பெனியைக் கைப்பற்றியது. பேப்பரில் படித்துவிட்டு அப்பா, "அப்போ நாளைக்குப் பெரட்டு உண்டா?" என்று காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பற்றிக் கேட்டார். உண்டு, அதே நேரத்துக்கு.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே சென்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட் கம்பெனி) திறக்கிறார். "டைரக்டராக உன் பேரை மட்டும் கொடு, மாதம் 500 வெள்ளி தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?
வாசகர், தாப்பா

பதில்: அவருக்கு நீ ஏன் தேவை என்று புரிகிறதா தம்பி? 2016 கம்பெனிச் சட்டப்படி இங்கே குடியிருக்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும். பதிவுக்கு 1,000 வெள்ளி, 30 நாளுக்குள் ஒரு செக்ரட்டரி, இதெல்லாம் காசு கொடுத்தால் முடிகிற வேலை. குடியிருக்கிற ஆள்தான் அவரிடம் இல்லை. "பேரை மட்டும்" கொடுக்கிற டைரக்டர் என்று சட்டத்தில் ஒருவர் கிடையாது.

லாரி அட்டெண்டராக இருந்த ஒரு பையன் இப்படித்தான் கையெழுத்துப் போட்டான். முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார், தொழிலாளர் இபிஎஃப் (சேமநிதி) பாக்கி நின்றது. கடிதங்கள் பையனின் ஐசி (அடையாள அட்டை) முகவரிக்கு, தோட்டத்து வீட்டுக்கு வந்தன. அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. சர்க்கார் கடுதாசி ஆயிற்றே என்று ஒன்றையும் பிரிக்காமல் மைலோ டின்னில் பத்திரப்படுத்தினார். ஜோகூர் பாரு குடிநுழைவு முகப்பில் பையனைத் தடுத்து நிறுத்திய பிறகுதான் அந்த டின் என் மேசைக்கு வந்தது. பால்வெட்டுக் கத்தியால் பிரித்தோம், பதினான்கு கடிதம்.

அந்த முதலாளியிடம் போய்க் கேள்: பேங்க் கணக்கில் என் கையெழுத்தும் இருக்குமா, மாதாமாதம் இபிஎஃப் ரசீதைக் காட்டுவீர்களா, வரி பாக்கி வந்தால் யார் கட்டுவது என்று எழுதித் தருவீர்களா? முகம் மாறினால் அந்த 500 வெள்ளியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.