கையில் 35,000 ரூபாய்: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பகுதி நேர வேலை பார்த்து 35,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். போனில் எடுத்து அலுத்துவிட்டது. போட்டோகிராபியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முதல் கேமரா எது வாங்கலாம்? டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

பதில்:

செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா. கூடவே ஒரு 50 எம்எம் அல்லது 35 எம்எம் பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்). அவசரத்தில் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்டால், நான் பணத்தைத் தொலைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது சீனியர் அண்ணன் ஒருவரிடம் பழைய நிக்கான் டி3200 வாங்கினேன். கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 எம்எம் ஜூம், அதாவது கிட் லென்ஸ், கூடவே வந்தது. 24 மெகாபிக்சல் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வைகாசியில் நண்பன் ஒருவன் செய்யாறு பக்கம் இருக்கும் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். திரௌபதி அம்மன் திருவிழா, ராத்திரி முழுக்கக் கூத்து. மேடை என்று ஒன்றும் கிடையாது. பந்தலில் நாலைந்து டியூப் லைட், நடுவில் ஒரு மஞ்சள் பல்பு. லென்ஸை 55-க்கு இழுத்துவைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்தும் ஷட்டர் ஸ்பீடு 1/20 நொடியைத் தாண்டவில்லை. துரியோதனன் வேஷம் கட்டியவர் திரை விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றினார். என் படத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் சேர்ந்து பஞ்சுமிட்டாய் மாதிரி விழுந்திருந்தன. முந்நூறு படத்தில் தேறியது நாலு. அந்த நாலிலும் ஆட்டக்காரர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

குற்றம் கேமரா மேல் இல்லை. கிட் லென்ஸை 55 எம்எம்-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). எஃப்/1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ் அதே நேரத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்கிப் பாருங்கள். அதாவது, நான் 1/20-ல் தடுமாறிய அதே இடத்தில் 1/200 கிடைத்திருக்கும். பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, மாற்றி இந்தப் பத்து மடங்கை வாங்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் போகும். லென்ஸில் சில ஆயிரத்தில் கிடைக்கிறது. (டியூப் லைட்டுக்கு அடியில் 1/200 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். நம் ஊர் மின்சாரத்துக்குப் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அங்கே 1/100-ல் நிறுத்திக்கொள்வது நல்லது. அது வேறு பாடம்.)

இது புரிந்ததும் நான் செய்ததுதான் பெரிய கூத்து. மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணத்தில் 4,500 கொடுத்து ஒரு பழைய நிக்கான் 50 எம்எம் எஃப்/1.8டி வாங்கினேன். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. பாடியில் மாட்டி ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அசையவே இல்லை. கடைக்காரரிடம் போனேன். "லென்ஸ்ல ஒண்ணும் தப்பு இல்ல தம்பி, உங்க பாடிக்கு இது சேராது" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "நீங்க கேக்கலியே" என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். அந்த 'டி' வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகை நீட்டி அதைச் சுழற்ற வேண்டும். நிக்கானின் டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலும் அந்த மோட்டாரை வைக்கவில்லை. டி90, டி7000, டி7100 போன்றவற்றில் உண்டு. ஆகவே நிக்கான் வாங்கினால் லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்-பி என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பாடிகள் பலவற்றில் அது ஃபோகஸே ஆகாது. கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987-ல் இஎஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) வந்த நாளிலிருந்தே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். கேனனின் எந்த இஎஃப் லென்ஸும் அவர்களுடைய எந்த டிஎஸ்எல்ஆரிலும் தானாக ஃபோகஸ் ஆகும்.

கையால் ஃபோகஸ் செய்தே இரண்டு வருஷம் ஓட்டினேன். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்வரை வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். 'அந்தக் கஷ்டம்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது' என்றெல்லாம் கதை விட மாட்டேன். பாதிப் படம் மூக்கில் கூர்மையாகவும் கண்ணில் மங்கலாகவும் வந்தது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் 35,000-க்கு வருவோம்.

இப்போது நான் கைகாட்டுவது கேனன் 200டி, செகண்ட் ஹேண்டில். 2017-ல் வந்தது. பேட்டரியோடு 450 கிராம் சொச்சம்தான், கல்லூரிப் பையில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் கிடக்கும். திரை வெளியே திரும்பும், தொட்டால் ஃபோகஸ் ஆகும், திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவிலும் வீடியோவிலும் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். ரீல்ஸும் எடுப்பேன் என்றால் இந்தக் கடைசி விஷயம் முக்கியம். என் ஜூனியர் ஒருவனுக்கு இதைக் கிட் லென்ஸோடு 24,000-க்குப் பேசி முடித்தேன். கேனன் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று பழையது 6,000-க்குக் கிடைத்தது. உங்கள் ஊரில், நீங்கள் தேடும் மாதத்தில் விலை முன்னேபின்னே இருக்கும். ஆனால் 30,000-க்குள் முடிகிற கணக்குதான். மீதி ஐந்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

வீடியோ தேவையில்லை, வெறும் போட்டோதான் என்றால் நிக்கான் டி5300-ஐயும் பாருங்கள். 2013 மாடல் என்று ஒதுக்க வேண்டாம். ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் படமாக எடுத்து, இருட்டாக விழுந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் அதே காலத்துக் கேனன்களைவிடச் சுத்தமாக வரும். இதோடு 35 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸ் நல்ல ஜோடி. இதற்குள் மோட்டார் இருக்கிறது, நான் விழுந்த குழியில் விழ மாட்டீர்கள்.

35-ஆ 50-ஆ என்ற குழப்பம் வரும். இந்த வகைக் கேமராக்களின் சென்சார் (படம் பதியும் சில்லு) பழைய ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது. அதனால் கேனனில் 50 என்பது 80 எம்எம் போலப் பார்க்கும், நிக்கானில் 35 என்பது 52 போல. எண் கூடினால் காட்சி நெருங்கித் தெரியும். ஹாஸ்டல் அறையில் கேனன் 50-ஐ வைத்து நண்பனை எடுக்க முயன்றால் முதுகு சுவரில் முட்டும், படத்தில் அவன் முகம் மட்டும் இருக்கும். மேடைக்கும் முகப் படத்துக்கும் அதே லென்ஸ் அருமை. தெரு, சந்தை, வீட்டுக்குள் என்றால் 35 எம்எம் பக்கம் சாய்வேன்.

புதிதாகவே வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். என் அப்பாவும் சொன்னார். கடையில் கேனன் 3000டி-யைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், கண்ணாடி போடுகிறவர்கள் வ்யூஃபைண்டரின் பவரைச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. 1500டி அதைவிடப் பரவாயில்லை. ஆனால் 18-55, 55-250 இரண்டும் சேர்த்து 'டூயல் கிட்' என்று விற்பார்கள், அங்கேதான் பலரும் மயங்குவார்கள். பகலில் பறவை எடுக்கிறவர் என்றால் சரி. மற்றவர்களுக்கு அந்தப் பெரிய லென்ஸ் இரண்டு வாரம் பையில் சுமக்கும் பொருள், அப்புறம் பீரோவில் வைக்கும் பொருள்.

மிரர்லெஸ்? உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத வகை. காலம் அந்தப் பக்கம் போய்விட்டது, மறுக்கவில்லை. கேனன், நிக்கான் இரண்டு பேரின் கவனமும் அங்கேதான். டிஎஸ்எல்ஆர் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே அதனால்தான், மாணவருக்கு அது லாபம். உங்கள் தொகைக்குள் வரும் மிரர்லெஸ் என்றால் பழைய சோனி ஏ6000 இருக்கிறது. 2014-ல் வந்தது, ஃபோகஸ் வேகம் இன்றைக்கும் குறைசொல்ல முடியாது. பேட்டரிதான் சின்னது, ஒரு முழுநாள் திருவிழாவுக்குக் குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். லென்ஸ் விலையும் கையைக் கடிக்கும். கேனன் எம்50-யும் மலிவாக வரும். அந்த மவுன்ட்டைக் கம்பெனியே கைவிட்டுவிட்டது என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை. இஎஃப் லென்ஸ்கள் அப்படியில்லை. நாளைக்கு வேலைக்குப் போய்க் கேனனின் ஆர் வரிசை மிரர்லெஸ் வாங்கினாலும் ஒரு அடாப்டர் போட்டு இதே 50 எம்எம்மை மாட்டிக்கொள்ளலாம். பாடி போனாலும் லென்ஸ் கூட வரும்.

பழையது வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? நேரில் போங்கள், பகலில் போங்கள், உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். முதலில் ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண். இந்த வகைப் பாடிகளின் ஷட்டரைச் சுமார் ஒரு லட்சம் கிளிக் தாங்கும் என்ற கணக்கில் செய்கிறார்கள். கல்யாணத்துக்கு ஓடிய கேமரா என்றால் ஒரே சீசனில் அதில் பெரும்பகுதி போயிருக்கும். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும். அதைப் படித்துச் சொல்ல இலவச இணையதளங்கள் உண்டு. கேனனில் பெரும்பாலும் அப்படி எழுதாது, கம்ப்யூட்டரில் இணைத்து அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும். அடுத்து, எஃப்/22 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்தால் போய்விடும். ஆனால் விலை பேச நல்ல சாக்கு.

எதை விட்டாலும் லென்ஸை டார்ச் அடித்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கழற்றி, பின்பக்கம் போன் டார்ச்சை வைத்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி கிடந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, வேர் விட்டது மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், பூஞ்சை. "துடைச்சா போயிடும்" என்பார்கள். உள்கண்ணாடியில் இருப்பதைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும். நாளானது என்றால் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும். அப்படிப்பட்ட லென்ஸ் சும்மா கிடைத்தாலும் உங்கள் மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

சென்னை, கடலூர், நாகை மாதிரி கடலோர ஊர் என்றால் நல்ல லென்ஸிலும் ஒரே ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கலாம். கேமராப் பைக்குள் மூடி மாதக்கணக்கில் வைப்பதுதான் காரணம். ஆயிரக்கணக்கில் விற்கும் டிரை கேபினெட் இப்போதைக்கு வேண்டாம். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சின்னத் துணிப்பையில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், போதும். நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசியில் போட்டு வைக்காதீர்கள், தவிட்டுத்தூள் எல்லா இடுக்கிலும் ஏறும். என் அறையில் ஒருவன் அப்படிச் செய்துவிட்டு ஜூம் வளையம் நறநறவென்கிறது என்று புலம்பினான்.

மிச்சம் வைத்த ஐந்தாயிரத்தில் இந்த டப்பா, நல்ல கம்பெனியின் 64 ஜிபி கார்டு, இன்னொரு பேட்டரி. ட்ரைபாட் மலிவாக வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம், காற்றில் கேமராவோடு சாயும். படம் திருத்த டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் போதும். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

இன்னும் மனசு தீரவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெரிய ஊர்களில் எளிதாகக் கிடைக்கும். மெனு பிடிக்கிறதா, பிடி கைக்குள் அடங்குகிறதா என்பதை யூடியூப் ரிவ்யூ சொல்லாது.

எப்போது வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆடி வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்குள் புதுக் கேமரா எடுக்க நினைக்கும் போட்டோகிராபர்கள் பழையதைத் தள்ளிவிடப் பார்ப்பது அப்போதுதான். நான் அடுத்து வாங்கிய டி7100-ஐ ஆடி பதினெட்டுக்கு மறுநாள்தான் பேசி முடித்தேன். கேட்ட விலையில் மூவாயிரம் குறைத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய 50 எம்எம் டி லென்ஸை மாட்டி பட்டனை அழுத்தினேன். கர்ரென்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் போட்டு ஃபோகஸ் ஆனது.