ஷெட்டில் நிற்கும் கார்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பழைய கார்களைப் பற்றியவை மட்டுமே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 1978-ஆம் ஆண்டு பதிவான அம்பாசிடர் மார்க் 3 கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார். எனக்கும் மனம் வரவில்லை. என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியின் கனம் அவரிடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசிடர், முகப்பிலும் எஞ்சினிலும் சில மாற்றங்களைக் கண்டதே தவிர, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற நாள்வரை உருவத்தில் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் உங்கள் வண்டியின் முன்பக்கம் நீளமான ஒரே இருக்கையாகத்தான் இருக்கும்; ஓட்டுபவரோடு இன்னும் இருவர் அதில் உட்காரலாம். கார் வாங்குவது வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் காரியமாக இருந்த காலத்தில், முன்பதிவு செய்து, காத்திருந்து வாங்கிய வண்டி அது. பிரசவத்துக்குப் போனதும், குலதெய்வம் கோயிலுக்குப் போனதும், மகனுக்குப் பெண் பார்க்கப் போனதும் அநேகமாக அந்த ஒரே இருக்கையில்தான் நடந்திருக்கும். ஆகவே அண்ணன் விலையைப் பற்றிப் பேசும்போது அம்மா கேட்டுக்கொண்டிருப்பது, கணவருக்குப் பக்கத்தில் தாம் அமர்ந்திருந்த இடத்தைப் பற்றிய பேச்சை. அவரிடம் விற்பதா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அந்த வண்டியில் போன பயணங்களைப் பற்றிக் கேளுங்கள், சில வாரங்கள் அதை மட்டுமே கேளுங்கள்.

ஆனால் ஷெட்டில் நிறுத்திவைப்பதைப் பாதுகாப்பது என்று நீங்கள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தால், அதை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். ஓடாமல் நிற்கும் காரில் முதலில் பேட்டரி போகும், பிறகு டயர்கள் தரையில் பதிந்த இடத்தில் தட்டையாகும், டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வீல் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைக்கும். வயர்களை எலி பார்த்துக்கொள்ளும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது; அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும், எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்ப்பின் சவ்வும் (டயஃப்ரம்) அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். பழைய அம்பாசிடரைக் கைவைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் மாற்றவில்லை என்றே கொள்கிறேன். தாமதத்துக்கான தொகையைக் கட்டி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு இப்போதாவது அதைச் செய்யுங்கள். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இது இல்லாமல் எதுவும் நகராது. பதிவு, காப்பீடு இரண்டில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள். செலவையும் இப்போதே கணக்கிட்டுவிடுங்கள்: பதிவைப் புதுப்பிக்கும் மத்திய அரசுக் கட்டணம் 15 ஆண்டு கடந்த கார்களுக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது, பசுமை வரி தனி.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், 2028-இல் உங்கள் காருக்கு ஐம்பது வயது நிறைகிறது. 2021-இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த, அசல் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்துவிட்டால், கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் தவிர வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஆசைப்படுபவருக்கு அது பொருந்தாது. உங்களால் மாதம் இரண்டு முறையாவது ஓட்ட முடியுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், ஓட்டக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். வரும் ஆயுத பூஜைக்குள் முடிவெடுப்பது என்று அண்ணனோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் உங்கள் மூவருக்கும் பதிலாகத் துருவே முடிவெடுத்துவிடும்.

கேள்வி: என் பிரீமியர் பத்மினிக்குத் தரகர் சொல்லும் விலை அவமானமாக இருக்கிறது. நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஆம் என்றே தோன்றுகிறது, ஆனால் நீங்கள் தனியாக இல்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் சிலருக்குக் காபிக் குவளைகளைக் கொடுத்து, அதை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காத மாணவர்கள் அதை வாங்கத் தர முன்வந்ததைப் போல் இரு மடங்கைக் குவளை வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த குவளைக்கே அப்படியென்றால், மும்பையின் குர்லா தொழிற்சாலையிலிருந்து வந்து உங்கள் வீட்டில் வளர்ந்த ஃபியட்டுக்கு (பத்மினி ஃபியட் வடிவமைப்புதானே) என்ன கேட்க மாட்டீர்கள்? மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு 2023 அக்டோபர் இறுதியில் முடிந்தபோது, சொந்தமாக அந்த வண்டியை வைத்திராதவர்கள்கூடப் படமெடுத்து வழியனுப்பினார்கள். அந்தப் பாசம் விலையில் சேராது. தரகரை விட்டுவிட்டு, பழைய ஃபியட்டை விரும்பி வாங்குபவர்களிடம் காட்டுங்கள். அங்கே கிடைக்கும் விலைதான் உண்மையான விலை.

கேள்வி: நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும், முதன்முதலாகத் தனியாக வேலைக்குப் போனதும் ஒரு மாருதி 800-இல். சென்ற மாதம் விற்றுவிட்டோம். அன்றிரவு அழுதேன். “தகரத்துக்கு ஒரு அழுகையா” என்று என் கணவர் சிரிக்கிறார். (வாசகி, சேலம்)

பதில்: அவர் முதலில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் இப்போது எங்கே என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நமக்கு ஒரு திறமையைத் தந்த பொருள், நம்மில் ஒரு பகுதியாகவே ஆகிவிடும் என்று நுகர்வோர் மனத்தை ஆராய்ந்த ரசல் பெல்க் 1988-இலேயே எழுதினார். இந்தியாவில் எத்தனையோ பெண்கள் தாமாக ஒரு இடத்துக்குப் போய்வரத் தொடங்கியது அந்தச் சிறிய காரில்தான். நீங்கள் அழுதது தகரத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-இன் சாவியைப் பெற்ற தில்லிக்காரர், 2010-இல் இறக்கும்வரை அதை விற்கவே இல்லை. அவருக்குப் பிறகு அந்தப் புகழ்பெற்ற கார் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து நின்றது. பின்னர் அந்த நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. எல்லா 800-க்கும் அந்த வாய்ப்பு அமையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வண்டியை இன்னொருவரிடம் கொடுத்தது, என் பார்வையில், அதற்கு நீங்கள் செய்த மரியாதை. படங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிய மனமில்லாத பொருளைப் படமெடுத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்ட மாணவர்கள் கூடுதலாகப் பொருட்களைத் தானம் செய்தார்கள். நினைவு பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி கிடைத்ததும் கை தளர்ந்தது. படம் இல்லையென்றால் வாங்கியவரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

அவரிடம் பேசும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிவிட்டதா? 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு பலர் மறந்துவிடுகிறார்கள். கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினால், ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. பார்வை மங்கிவிட்டது. காரை விற்கலாம் என்றால், “என்னை மூலையில் உட்காரச் சொல்கிறாயா” என்கிறார். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அவர் கேட்பது சரியான கேள்விதான், அதற்கு நீங்கள் பதில் வைத்திருக்கிறீர்களா? கார் போன மறுநாள் அவர் நூலகத்துக்கும், வங்கிக்கும், நண்பர் வீட்டுக்கும் எப்படிப் போவார் என்பதை ஏற்பாடு செய்த பிறகு இந்தப் பேச்சை எடுங்கள். ஓட்டுவதை நிறுத்துவதையும் காரை விற்பதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் ஓர் ஓட்டுநரை வைத்து, அதே காரில் அவரைப் பின்னிருக்கையில் பயணிக்கப் பழக்குங்கள். ஓட்டக் கூடாது என்ற சொல் மகனிடமிருந்து வருவதைவிட மருத்துவரிடமிருந்து வருவதே மேல். 55 வயதைக் கடந்தவரின் உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அதற்கான வாய்ப்பு தானாகவே வரும். ஆனால் பார்வை மங்கியது உறுதி என்றால், உரிமம் முடியும் நாள்வரை காத்திராமல் இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதில் அவர் மனம் நோகுமே என்று தயங்க இடமில்லை, சாலையில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஓடவே ஓடாத காரைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: அப்படியே போடாதீர்கள். வண்டி உடைந்தாலும் அதன் பதிவு உயிரோடு இருக்கும். அந்தப் பதிவு எண்ணும், அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணும் வேறொரு வண்டிக்குப் போக வழியுண்டு. அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புதிய சொந்தக் காருக்கான சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடமளிக்கின்றன. கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் பிள்ளையார், பழைய ரசீதுகள், இரண்டாவது சாவி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியிலும் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடிப் பிடித்து வாங்க விரும்புகிறேன். பைத்தியக்காரத்தனமா? (வாசகர், சென்னை)

பதில்: சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் பொருத்தம், ஏனெனில் 1961 முதல் அந்தக் கார் தயாரானதும் சென்னையில்தான். அதே வண்டி கிடைப்பது அரிது. பழைய காப்பீட்டுத் தாளோ வரி ரசீதோ வீட்டில் கிடைத்தால் எண்ணாவது தெரியும். அதை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் ஆர்வலர்களிடம் விசாரியுங்கள். வேறொரு ஹெரால்டே போதும் என்றால் வேலை எளிது. தனி அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் உடலைப் பூட்டிய அமைப்பு என்பதால் வெளித் தகரத்தின் துருவை டிங்கரிங்கில் சரிசெய்துவிடலாம், ஆனால் அடிச்சட்டமே அரித்திருந்தால் தொடாதீர்கள். முகப்பு முழுவதும் ஒன்றாக முன்னால் சாயும்படி திறக்கும். திறந்து, எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும், நிறம் தாத்தாவின் காரைப் போலவே இருக்கிறது என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.