கனடிய விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி எப்படி இறந்தார்?
1916இல் வின்னிபெக்கில் போலந்துக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த மினார்ஸ்கி, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் முதுகிலுள்ள கூண்டிலிருந்து எதிரி விமானங்களைச் சுடும் வீரர். 1944 ஜூன் 13 அதிகாலை, பிரான்சின் கம்ப்ரே ரயில் தளத்தைத் தாக்கச் சென்றபோது ஜெர்மானிய விமானம் சுட்டதில் அவருடைய விமானம் தீப்பற்றியது. எஞ்சின் தரும் எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் வால் கூண்டு, எஞ்சின்கள் நின்றதும், மின்சாரம் போனால் இரு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும் லிஃப்டைப் போல அசையாமல், உள்ளிருந்த தோழரைச் சிறைவைத்தது. உடனே குதித்திருக்கக்கூடிய மினார்ஸ்கி, தீயினூடே தவழ்ந்து சென்று, கோடரியாலும் வெறுங்கையாலும் அதைத் திறக்க முயன்றார். தோழர் கையசைத்துப் போகச் சொன்ன பிறகே, உடை எரிய எரிய, நின்று வணக்கம் செலுத்திவிட்டு (என்னால் மறக்க முடியாத செய்கை இதுதான்) குதித்தார். தீக்காயங்களால் இறந்த அவருக்கு 1946இல், போர் வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இருவரும் மாண்டனர் என்று சிலர் எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் விமானம் தரையில் மோதியபோது வெளியே தூக்கியெறியப்பட்ட தோழர் உயிர் பிழைத்தார், நடந்ததைச் சொன்னவரும் அவரே.