தொங்கிய மணிக்கட்டு நிமிருமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38, தையற்கடை வைத்திருக்கிறார். 14 மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் வலது மேற்கை எலும்பு முறிந்து, தகடு வைத்துச் சரிசெய்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால், அன்று தொங்கிய மணிக்கட்டு இன்றுவரை நிமிரவில்லை. விரல்களை நீட்டவும் முடியவில்லை. அண்மையில் செய்த நரம்புப் பரிசோதனையிலும் முன்னேற்றம் தெரியவில்லை. நல்ல தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) எடுத்து, செயலிழந்த தசையின் நாணோடு இணைக்கலாம் என்கிறார் மருத்துவர். வீட்டுப் பெரியவர்களோ, 'உள்ளதும் போய்விடும்; இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்' என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் அந்த 'இன்னும் ஒரு வருட'த்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றிச் செல்லும் ரேடியல் நரம்புதான் அவருக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது. அடிபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும் என்றாலும், மணிக்கட்டை நிமிர்த்தும் தசை முழங்கைக்கு அருகிலேயே இருப்பதால், அந்த நரம்பு பிழைத்திருந்தால் ஆறேழு மாதங்களுக்குள் சிறு அசைவாவது தெரிந்திருக்க வேண்டும். நரம்பின் தொடர்பை இழந்த தசையும் காலவரையின்றிக் காத்திருக்காது. 12 முதல் 18 மாதங்களுக்குள், நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்க முடியாத நிலைக்கு அது போய்விடுகிறது. எனவே, நரம்பையே நம்பி இன்னும் ஓராண்டு காத்திருப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'உள்ளதும் போய்விடும்' என்ற அச்சம் இயல்பானதே. ஆனால், நம் முன்கையில் ஒரே வேலையைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சை அதை நம்பியே செய்யப்படுகிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்ப இரண்டு தசைகள் உண்டு. அவற்றில் ஒன்றை மணிக்கட்டை நிமிர்த்தும் நாணோடு இணைப்பார்கள். மணிக்கட்டை மடக்கும் தசைகளில் ஒன்றை விரல்களை நீட்டும் வேலைக்கு மாற்றுவார்கள். கட்டைவிரலுக்கு, மணிக்கட்டின் நடுவில் மெல்லிய கயிறுபோல் ஓடும் நாண் பயன்படும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டபடி மணிக்கட்டைச் சற்று மடக்கினால் அது புடைத்துத் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை. அவர்களுக்கு வேறு நாணைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தசைகளை இயக்கும் நரம்புகள் வேறு என்பதால், ரேடியல் நரம்பின் பாதிப்பு இவற்றைத் தொடவில்லை.

இது புதிய சோதனை முயற்சியும் அன்று. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாண்களை மாற்றி அமைத்து, அவர்களை மீண்டும் உழைக்க வைத்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இயங்குகிறது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அங்கே கேட்கலாம்.

கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இடம் மாறிய தசையின் வலிமை பழைய அளவிலிருந்து ஒரு படி குறையும். புறங்கையில் மரத்துப்போன உணர்ச்சி இதனால் திரும்பாது. மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுமையாக மடக்குவது கடினமாகலாம். நாண் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டு, சிலருக்கு இன்னொரு சிறு அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. ஆனால் பிடிமானம் நன்றாகவே கூடும். மணிக்கட்டு தொங்கிய நிலையில் எவராலும் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. உங்கள் இடது மணிக்கட்டைத் தொங்கவிட்டு விரல்களை இறுக்கி மடக்கிப் பாருங்கள், புரியும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது மூட்டுகளைப் பற்றித்தான். இறுகிப்போன மூட்டை எவ்வளவு நல்ல நாணாலும் அசைக்க முடியாது. இடக்கையால் தூக்கினால் அவருடைய வலது மணிக்கட்டும் ஒவ்வொரு விரலும் தடையின்றி முழுமையாக நிமிர வேண்டும். நிமிரவில்லையென்றால், முதலில் பிசியோதெரபி. அதன் பிறகே அறுவை சிகிச்சை. அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட்டைக் கழற்றிவிட வேண்டாம்.

அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு வாரங்கள் மாவுக்கட்டு இருக்கும். அதன் பின் தொடங்கும் பயிற்சியில், மணிக்கட்டை நிமிர்த்த முதலில் உள்ளங்கையைக் கீழே திருப்புவதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சில வாரங்களில் மூளை புதிய வழியைக் கற்றுக்கொள்ளும். இதைச் சரியாகச் செய்யாதவர்களுக்கு நல்ல அறுவை சிகிச்சையும் பாதிப் பலனே தருகிறது. பளுவான வேலைக்கு மூன்று மாதங்களாவது ஆகும். அந்த மாதங்களில் கடையை நடத்துவது எப்படி என்பதை இப்போதே திட்டமிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உங்கள் கணவர் துணி வெட்டும் கத்தரிக்கோலையும் எடுத்துச் செல்லுங்கள். மணிக்கட்டை மடக்கும் தசைகளில் கட்டைவிரல் பக்கத்ததை எடுப்பதா, சுண்டுவிரல் பக்கத்ததை எடுப்பதா என்பதை நோயாளியின் தொழிலைப் பார்த்தும் முடிவு செய்வார்கள். உங்கள் கணவர் கத்தரிக்கோலைப் பிடிக்கும் விதத்தை மருத்துவர் நேரில் பார்ப்பது நல்லது.