மரநிழலில் தண்ணீர் தேங்கும் மூலையில் கோரையை நடலாமா?

ஓஹாயோவில் உங்கள் வீட்டுக் கொல்லையில், மேப்பிள் மரத்தடியில் வசந்தகாலம் முழுவதும் தண்ணீர் தேங்கும் மூலையில் புல்தரை அழுகிப்போகிறது என்றும், நர்சரியில் ‘கிரேஸ் செட்ஜ்’ என்ற கோரையைச் சொன்னார்கள், ஆனால் அது தோட்டமெங்கும் பரவிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடுங்கள்.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. நம் ஊர் வயல்களில் களையெடுத்தவர்கள் யாரும், ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைத்து வரும் கோரையை மறக்க மாட்டார்கள். ஆனால் இது அதே குடும்பத்தில் வேறொரு பேரினமான கேரெக்ஸைச் சேர்ந்தது. கிழங்கு வைத்து ஓடாமல், நட்ட இடத்திலேயே தூர்கட்டி, இரண்டு மூன்று அடி உயரத்தில் பல ஆண்டுகள் நிற்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மட்டும் நம் கோரையைப் போலவே மூன்று பட்டைகள் தட்டுப்படும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஆற்றங்கரைகளில் வெள்ளம் ஏறி இறங்கும் காடுகளே இதன் சொந்த இடம் என்பதால், வசந்தத்தில் நீர் நின்று கோடையின் பிற்பகுதியில் ஓரளவு காயும் உங்கள் மூலை இதற்குப் பிறந்த வீடு போன்றது. ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரேயின் நினைவாக 1847-இல் ஜான் கேரி இதற்குக் கேரெக்ஸ் கிரேயி என்று பெயரிட்டார்.

என் தோட்டத்தில் ஆறு ஆண்டுகளாக இருக்கும் மூன்று தூர்களில், கோடையில் காய்க்கும் உருண்டைகளைப் பார்க்கவே நான் தினமும் அந்தப் பக்கம் போகிறேன். கடம்பம்பூவின் அளவும் வடிவமும் கொண்ட அவ்வுருண்டையில், ஊதிப் பருத்த பச்சைப் பைகள் எல்லாத் திசையிலும் கூர்முனை நீட்டி நிற்கும். ஒரு பையைக் கீறிப் பார்த்தபோது, உள்ளே பெரும்பகுதி வெறும் காற்றும் அடியில் சிறு விதையொன்றும் இருந்தன. வெள்ளத்தில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

ஒன்றரை அடி இடைவெளியில் வசந்தத்தில் நட்டு, முதல் கோடையில் மட்டும் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து வளர்ப்பதானால் குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால், இலையுதிர்காலத்திலேயே வெளியில் விதைத்துவிடுங்கள். காட்டிலிருந்து தோண்டி வர வேண்டாம். நர்சரித் தூர் ஒன்று வாங்கினால், சில ஆண்டுகளில் அதையே பிரித்து நட்டுக்கொள்ளலாம்.