போ என்றால் வா

அன்புள்ள சார்,

பாஸ்டன் பக்கத்தில் நியூட்டனில் இருக்கிறோம். நான் திருச்சி, கணவர் இஸ்ரேலில் ஹைஃபாக்காரர். மகனுக்கு 20 மாதம். அவனிடம் நான் தமிழிலும் அவர் ஹீப்ருவிலும் பேசுவதாக ஏற்பாடு. எங்களுக்குள் ஆங்கிலம். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஹீப்ரு பேசும் ஆயா வேண்டுமென்று இரண்டு மாதமாக அலைகிறேன். கிடைத்த ஒரே அம்மாள் மற்றவர்களைவிட மணிக்கு 6 டாலர் அதிகம் கேட்கிறார். தெருமுனை டேகேரில் ஆங்கிலம் மட்டும்தான். எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று மொழியில் குழந்தை குழம்பிவிட மாட்டானா? தோகைதான் ஹீப்ருவில் துக்கி ஆனது என்கிறார்கள், அப்பாவும் அங்கே ‘அபா’தான். இரண்டும் உறவு மொழிகளா?

பி.கு: அவர் ‘போ’ என்றால் மகன் அவரிடம் ஓடி வருகிறான். ஆண்பிள்ளையை ‘வா’ என்று கூப்பிட ஹீப்ருவில் அதுதான் சொல்லாம்!

ர.

அன்புள்ள ர,

கடைசிக் கேள்வியை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். பைபிளில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில், ‘துக்கி’, நம் தோகைதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி. ஒரு சொல் கப்பலேறியதால் இரண்டு மொழிகள் சம்பந்தியாகிவிடாது. அப்பா, அபா, பாபா எல்லாம் பல் முளைக்காத வாய்க்கு எளிதாக வரும் ஒலிகள், அவ்வளவுதான். குழந்தை குழம்ப மாட்டான். கொஞ்ச நாள் மூன்றையும் கலந்தடிப்பான், பிறகு தானே பிரித்துக்கொள்வான்.

என்னை உட்காரவைத்தது ‘அலைகிறேன்’ என்ற சொல். ஹீப்ரு யாருடைய மொழி? அவருடையது. அலைவது யார்? சில வாரங்களாகவே தெவோரா என்ற பெண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இது கண்ணில் குத்தியது.

எலியேசர் பென்-யெஹூதாவை எல்லோருக்கும் தெரியும். ஏட்டிலும் வழிபாட்டிலும் மட்டும் இருந்த ஹீப்ருவை வீட்டுமொழி ஆக்கியவர். 1881-ல் மனைவி தெவோராவோடு யாஃபா துறைமுகத்தில் வந்திறங்கினார். அடுத்த வருஷம் ஜெருசலேமில் மகன் பிறந்தான். அவன் காதில் ஹீப்ரு தவிர வேறொன்றும் விழக்கூடாது என்பது அப்பாவின் சபதம். அதற்கு அவர் கண்ட வழி என்ன தெரியுமா? வீட்டில் வேலைக்காரி கூடாது. ஏனென்றால் ஹீப்ரு பேசும் ஆயா அன்று உலகத்திலேயே கிடையாது. நோஞ்சான் உடம்போடு, தானே கற்றுக்கொண்டிருந்த ஒரு மொழியில், தெவோரா தனியாகப் பிள்ளை வளர்த்தார். காபி கேட்கக்கூட அவருடைய கணவரிடம் சொல் போதாது. இன்னதை எடு, இப்படிச் செய், இங்கே கொண்டுவா, குடிக்கிறேன் என்பாராம். (சொல் பஞ்சம் அவருக்கு, காபி போடுவது யார்?) பொம்மைக்கு ‘புபா’, ஐஸ்கிரீமுக்கு ‘கிளிடா’ என்று அவர் எழுதும் மேஜையில் சொற்கள் பிறந்தன. அவற்றை நாளெல்லாம் ஒரு குழந்தையிடம் பேசிப் பார்த்தது அந்தப் பெண்.

பையன் வெகுநாள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் தெவோரா தன்னை மறந்து ருஷ்ய மொழியில் தாலாட்டுப் பாடிவிட, வீடு திரும்பிய கணவர் ஆடித் தீர்த்துவிட்டார். மகனே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். கணவருக்கு இருந்த காசநோய் தெவோராவையும் பிடித்தது. 1891-ல் இறந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஹீப்ருவில் நடத்தப்பட்ட முதல் மழலையர் பள்ளி ரிஷோன் லெசியோன் என்ற ஊரில் 1898-ல் திறந்தது. ஏழு வருஷம் தாமதம்.

ஓசூரில் எங்களை வளர்த்த ஆயாவை அவ்வா என்போம், அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். அம்மா பள்ளி ஆசிரியை, காலையில் போனால் மாலைதான். தெலுங்கு சொல்லித்தர அவ்வாவை யாரும் வைக்கவில்லை. குளிப்பாட்டினார், ஊட்டினார், வாய் நிறையத் திட்டினார். இன்றும் கால் இடறினால் எனக்குத் தெலுங்குதான் வருகிறது. அம்மா இறந்த பிறகு பழைய கணக்கு நோட்டில் அவ்வாவின் சம்பளத்தைப் பார்த்தேன். மாதம் 15 ரூபாய். அதே பக்கத்தில் அப்பாவின் சிகரெட், 22 ரூபாய். அவ்வா வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே அந்த 6 டாலருக்குப் பேரம் பேசாதீர்கள். இலக்கணம் தெரியுமா என்று சோதிக்காதீர்கள். பாடுவாரா, கோபம் வந்தால் எந்த மொழியில் கத்துவார், அதை மட்டும் பாருங்கள். தொலைபேசியை எடுத்து அவரிடம் பேச வேண்டியது உங்கள் கணவர். ‘அவர் ரொம்ப பிஸி’ என்று எனக்கு எழுதிவிடாதீர்கள் தாயே. அவருடைய அம்மா ஹைஃபாவில் இருந்தால் தினமும் கால் மணி நேரம் திரையில் பேரனைக் கொஞ்சட்டும். அந்த அழைப்பையும் அவரே போடட்டும், உங்கள் அட்டவணையில் சேர்க்காதீர்கள். அந்தக் கால் மணி நேரம் நீங்கள் காபியைச் சூடாகக் குடிக்கலாம்.

டேகேரா ஆயாவா என்றல்லவா கேட்டிருந்தீர்கள். ஆயாதான். ஆங்கிலம் கூப்பிடாமலே வரும்.

நீங்கள் ‘போ’ என்றால் மகன் என்ன செய்கிறான் என்று எழுதவே இல்லையே?